மாமா பஸ்ஸில் மாற்றிக்கொண்டு வந்த மாத்திரை

இந்நேரத்தில் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இப்போதுதான் பாப்பா தூங்கினாள்.

மாமனார் பிரஷருக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இன்று என்னோடும் பாப்பாவோடும் மன்னார்குடி டாக்டரிடம் போனபோது அவருக்குக் கொடுக்க, கொல்லையில் பறித்த இரண்டு பம்பளிமாஸ் பழங்களைக் கொண்டுபோனார்.

டாக்டர் பழத்தைப் பார்த்ததும் பதறிவிட்டார். "இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையோட இதைச் சாப்பிடவே கூடாதுங்க. மருந்து ரத்தத்துல கூடிப்போயிடும்."

மாமா பழத்தைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டார்.

வரும்போது நாகப்பட்டினம் பஸ்ஸில் நான் பாப்பாவோடு முன்னால், மாமா பின்னால். வீட்டில் பையைத் திறந்தால் வேறு ஏதோ மாத்திரை அட்டை இருக்கிறது.

"பக்கத்து சீட்காரருக்கும் கொலஸ்ட்ராலாம். மாத்திக்கிட்டோம்."

"மாத்திரையையா, மாமா?"

"நம்ம வயலுக்கு ஒத்துவரலைன்னா அடுத்தவங்ககிட்ட விதைநெல்லு மாத்திக்கிறதில்லையாம்மா? அவரு மாத்திரைக்குப் பம்பளிமாஸ் ஒண்ணும் பண்ணாதாம்."

"பழம் எங்க?"

"மனுஷனை வெறுங்கையோட அனுப்ப முடியுமா? அவருக்கே குடுத்துட்டேன்."

எந்தப் பழத்தோடு சேரக் கூடாதோ, அதே பழத்தோடு அந்த மாத்திரை போய்விட்டது.

பெயர் கேட்கவில்லையாம். கீழ்வேளூரில் இறங்கினார், சம்பா போட்டிருக்கிறார், மகன் துபாயில் இருக்கிறான். டெல்டாவில் பாதி அப்பாக்களுக்கு இதே அடையாளம்தான்.

இங்கே வந்த அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அங்கே போனதை யார் பூட்டுவார்கள்?

கீழ்வேளூர்க்காரர்களே, உங்கள் அப்பா இன்று பம்பளிமாஸோடு வீடு திரும்பியிருந்தால், பழத்தையும் மாத்திரையையும் உடனே வாங்கி வையுங்கள். துபாயில் இருக்கும் மகன்களும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.