கஷாயக்காரியின் ரத்தம்

வீட்டில் அவளுக்குக் கஷாயக்காரி என்று பட்டப்பெயர். வேலை அப்படி. ஆராய்ச்சிக்கூடத்தில் இலையோ வேரோ எது வந்தாலும் அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறு எடுப்பாள். அது ரத்தப் புற்றுநோய் செல்களைக் கொல்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒரு மண்ணும் நடக்காது. அவளும் அலட்டிக்கொள்ளாமல் அடுத்த இலைக்குப் போய்விடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு காட்டுச்செடியின் சாறு, தட்டில் இருந்த நோய் செல்களைப் பூண்டோடு அழித்துவிட்டது. அம்மாடி, அவளுக்குத் தலைகால் புரியவில்லை! வீட்டுக்கு ஓடிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பியிடம் கொட்டிவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

தம்பிக்கும் அதே நோய்தான். ஆஸ்பத்திரி ஊசியால் முடி கொட்டி, வாந்தி எடுத்து, நொந்துபோயிருந்தான்.

"அப்போ திங்கட்கிழமை சாயங்காலம் ஊசிக்கு நான் வரலை. அந்தச் சாறை ஒரு பாட்டில் கொண்டு வா."

"டேய், தட்டுல செத்தா போதுமா? இன்னும் எவ்வளவோ பாக்கணும்டா."

"சொந்தத் தம்பிக்கு இல்லாத மருந்து வேற யாருக்கு அக்கா?"

ஒற்றைக்காலில் நின்றான். ஊசியை நடுவில் விட்டால் நோய் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அடுத்த சோதனை, சாறு நல்ல ரத்த செல்களை விட்டுவைக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு ரத்தம் கொடுக்க எப்போதும் இவள்தான் முதலில் கையை நீட்டுவாள். "என் ரத்தம் கெட்டி" என்று பீற்றலும் உண்டு. சனிக்கிழமை கொடுத்தாள். திங்கள் மதியம் பார்த்தால், அவளுடைய செல்களும் மொத்தமாகச் செத்துக் கிடந்தன.

நேரே வீட்டுக்கு வந்து, நீலம் பூத்த கையை அவன் முன்னால் நீட்டினாள். "பாருடா. இதுலருந்து எடுத்த ரத்தத்துலதான் நீ கேட்ட மருந்தை விட்டோம். நல்ல செல்லும் ஒண்ணுகூட மிஞ்சலை." குரல் உடைந்துவிட்டது. "நீ கேட்டேன்னு நான் கொண்டுவந்து குடுத்திருந்தா?"

அவன் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உன் ரத்தத்தையே கொன்னுடுச்சா? கொசுவே உன்கிட்ட வரப் பயப்படுமே!"

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது. "உனக்குப் போடுற ஊசியில ஒண்ணும் செடியிலருந்து வந்ததுதான்டா. நித்தியகல்யாணி. அதுவும் விஷம்தான், உடம்பு எவ்வளவு தாங்கும்னு பாத்துப் பாத்து அளந்து வச்சது."

"அதை யாரோட ரத்தத்துல பாத்திருப்பாங்க?"

"எனக்கென்ன தெரியும்? உன்னை மாதிரி ஒரு பிடிவாதக்காரக் கழுதைக்கு அக்காவா இருந்திருப்பா."

அவன் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டே எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டி, ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான்.