மத்தியான ரேட்டும் கண்டக்டர் தூக்கமும்

லாண்டரியக்காவைக் கோபக்காரி என்று சொல்கிறவர்கள் அவள் கடையில் துணி போட்டுவிட்டு ரசீதைத் தொலைத்தவர்களாகத்தான் இருக்கும். மற்றபடி அவளைப் போல ஈர மனசுக்காரி அந்தத் தெருவிலேயே கிடையாது. கீழே கடை, மேலே வீடு. கடையில் இரண்டு வாஷிங் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, மூலையில் துணி காயவைக்கிற பெரிய டிரையர். அந்த டிரையருக்கு அவள் வைத்திருக்கும் பேர் மாமனார்.

"எந்நேரமும் கடகடன்னு முணுமுணுப்பு. எதையும் சீக்கிரம் முடிக்காது. ஆனா அது இல்லாம குடும்பம் ஓடுமா?" என்பாள்.

அவள் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பாரே ஒழிய, எங்கப்பாவையா சொல்றே என்று ஒரு நாளும் சண்டைக்கு வந்ததில்லை. சரியான பிள்ளைப்பூச்சி. தொலைதூர பஸ்ஸில் கண்டக்டர். பொழுது சாய்ந்ததும் கிளம்பினால் விடிந்துதான் திரும்புவார். பகலில் தூக்கம். அவர் எழுந்து குளித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போன பிறகுதான் அவள் மாமனாரை ஓட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. மத்தியானத்தில் அந்தப் பக்கம் ஹார்ன் அடிக்கிறவன் எவனாக இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவான்.

அந்த ஏற்பாட்டில்தான் அரசாங்கம் கை வைத்தது. நாடு பூராவும் வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிறார்களாம். மத்தியானம் அது மிஞ்சிப்போகிறதாம். விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லாரும் ஒரேயடியாக சுவிட்சைப் போடுகிறார்களாம், நிலக்கரியை எரித்துத்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறதாம். அதனால் இனிமேல் மத்தியானம் கரண்ட் மலிவு, சாயங்காலம் எக்கச்சக்க விலை. டிவியில் இதைச் சொன்ன மந்திரி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சூரியனை அவரே போய்க் கூட்டிவந்த மாதிரி! தப்பென்றும் சொல்ல முடியாது. நல்லதுக்குத்தான் செய்கிறார்கள். ஆனால் லாண்டரியக்கா வீட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்று எந்த மந்திரிக்குத் தெரியும்?

புது மீட்டர் மாட்ட வந்த மின்சார ஆபீஸ் பெண் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள். "மெஷினையெல்லாம் வெயில் நேரத்துல ஓட்டிக்கோங்கக்கா. சாயங்காலம் ஓட்டினா கையைக் கடிக்கும்."

"வெயில் நேரத்துலதாம்மா எங்க வீட்டுக்காரர் தூங்குவார்."

அந்தப் பெண் கையிலிருந்த நோட்டீஸைப் புரட்டிப் பார்த்தாள். "அதுக்கு ஒண்ணும் திட்டம் வரலையேக்கா" என்றாள், நிஜமான வருத்தத்தோடு. போகும்போது 'மின்சாரத்தை வீணாக்காதீர்' என்று ஒரு ஸ்டிக்கரை மாமனாருக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள்.

முதல் பில் வந்ததுமே விஷயம் தெரிந்துபோயிற்று. மத்தியானத்துக்கு மாறாவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"ஓட்டேன், எனக்கென்ன?" என்றார் கண்டக்டர். "ஓடுற பஸ்ஸுல நின்னுக்கிட்டே தூங்கறவன் நான். இதெல்லாம் ஒரு சத்தமா?"

என் மனசு நோகக்கூடாதென்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவரை அவள் நம்பவில்லை. தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரம் ஓட்டுவாள், நிறுத்துவாள். பாவம், இப்போதாவது கண்ணசரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருப்பாள். பூனை மாதிரி படியேறிப் போய் எட்டிப் பார்ப்பாள். அவர் கண்ணை மூடிப் படுத்திருப்பார். திருப்தியாக இறங்கி வந்து மறுபடி ஓட்டுவாள். அரை ஈரத்தில் மடித்துக் கொடுத்த சட்டைகளுக்காக நாலு பேரிடம் பேச்சும் வாங்கினாள். அவருக்காக வாங்குகிற பேச்சுதானே என்று சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அப்படியும் அவர் கண்ணுக்குக் கீழே கருப்புத் தட்டியது. சாப்பிடும்போதே தலை ஆடியது. ஒரு நாள் காலையில் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அசந்துட்டேன்மா. பஸ் நின்னதுகூடத் தெரியலை. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு இறங்கணும், நான் குரல் குடுக்கலை. அடுத்த ஊர் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டோம். அந்தப் பொண்ணு அழுதுச்சு." தலையைக் குனிந்துகொண்டார். "இன்னொரு தடவை இப்படி ஆனா வீட்டோட இருந்துக்கோன்னு டெப்போல சொல்லிட்டாங்க."

லாண்டரியக்கா அவர் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். அவரைச் சாப்பிட வைத்து, படுக்கப் போட்டுவிட்டு, கீழே வந்து பழைய இரும்புக்காரருக்கு போன் போட்டாள். டிரையர் போனால் கடை போச்சு. போகட்டும். அவரை விடவா கடை பெரிசு?

நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார் இரும்புக்காரர். ஆனால் அன்றைக்கென்று பார்த்து ஒரு லாட்ஜ்காரரின் போர்வை மூட்டை கிடந்தது. அவரும் கடையிலேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டார். "ஆள் வந்து தங்கியாச்சும்மா, கையோட குடுத்துடுங்க." போர்வை என்ன கைக்குட்டையா, விட்டு விட்டுக் காய? கடைசி நாள்தானே, மன்னிச்சுக்கோங்க என்று மனசுக்குள் மேல் மாடிக்குச் சொல்லிவிட்டு, மாமனாரை ஓட்டினாள். நிறுத்தவேயில்லை. இஸ்திரி மேஜை மேல் குனிந்துகொண்டு அழுதாள். கடகடச் சத்தத்தில் அது லாட்ஜ்காரருக்குக் கேட்கவில்லை.

போர்வையெல்லாம் காய்ந்ததும் சுவிட்சை அணைத்தாள்.

"இறங்கறவங்க சீக்கிரம் இறங்குங்க!"

மேலேயிருந்து இடி மாதிரி குரல். அலறியடித்துக்கொண்டு படியேறினாள். கண்டக்டர் கட்டிலில் நேராக உட்கார்ந்து, தலை கலைந்து, இல்லாத பையில் டிக்கெட் கட்டைத் தேடிக்கொண்டிருந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு அழுத்தமாகப் பதிந்திருந்தது.

"எந்த ஊரு இது?" என்றார்.

"நம்ம வீடுங்க! இவ்வளவு நேரமும் தூங்கினீங்களா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "இன்னிக்குத்தான் நீ ஒரு ஸ்டாப்புலயும் நிக்கலையே."

அவளுக்குப் புரியவில்லை. அவர் கொட்டாவி விட்டபடி சொன்னார். "சத்தமே இல்லாட்டியும் தூங்குவேன், சத்தம் நிக்காம இருந்தாலும் தூங்குவேன். ஓடி ஓடி நின்னாத்தான் முழிப்பு வந்துடும். பஸ் நின்னா எழுந்து குரல் குடுக்கணுமில்ல? உடம்பு பழகிடுச்சு. முழிச்சுட்டா, மறுபடி வண்டி ஓடினாத்தான் கண்ணசரும். நீ நிறுத்தறப்பெல்லாம் முழிச்சுக்குவேன். நீ படியேறி வர்ற சத்தம் கேக்கும். கவலைப்படுவியேன்னு கண்ணை மூடிக்குவேன்."

"அட பாவி மனுஷா! வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"துணி அவ்வளவுதான் வருது போலிருக்கு, அதான் நீ விட்டு விட்டு ஓட்டறேன்னு நெனச்சேன். வியாபாரம் படுத்துப்போச்சான்னு உன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

லாண்டரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்தாள், சிரிக்கும்போதே பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. பாசத்தில் இத்தனை நாளும் அவரைத் தட்டித் தட்டி எழுப்பியவள் அவளேதான். அவர் தோளைப் பிடித்துத் தலையணையில் சாய்த்தாள்.

"கிளம்ப இன்னும் நேரமிருக்கு. படுங்க."

கீழே வந்ததும் முதல் வேலையாக இரும்புக்காரருக்கு போன். "வர வேண்டாங்க. மாமனாரை யாராவது விப்பாங்களா?"

காயவைக்க ஒரு துணிகூட மிச்சமில்லை. சுவரிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். தெருவில் வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மலிவு நேரம் முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை உள்ளே போட்டு சுவிட்சைத் தட்டினாள். மாமனார் முணுமுணுக்க ஆரம்பித்தார். மேலே கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டு அடங்கியது.

போர்வை மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்த லாட்ஜ்காரர் எட்டிப் பார்த்தார். "ஒரு துண்டுக்கா இவ்வளவு பெரிய மெஷின்? எதுக்கும்மா சும்மா ஓடுது?"

"சும்மா இல்லைங்க" என்றாள் லாண்டரியக்கா, மெஷின் மேல் கையை வைத்தபடி. "மேலே ஒருத்தர் பிரயாணத்துல இருக்கார். இறங்க இன்னும் நேரமிருக்கு."