பெல்ட் தோலில் ஒரு சீட்

தோட்டங்களில் பயன்படுத்துவதற்கென்று ஒரு பொறியியலாளர் புதிய சைக்கிள் சீட் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாக, எழுபதுகளின் நடுப்பகுதியில் எங்கள் தலைமைக் காரியாலயத்தின் செய்தித்தாளில் இரண்டு வரி வந்தது. அந்தத் துணுக்கை நான் வெட்டி வைக்கவில்லை. கோபப்படுவதற்குத் துணுக்கு தேவைப்படும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. அந்தச் சீட் சைக்கிளுக்கு மட்டுமானதல்ல, மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். கண்டுபிடித்தவர் பொறியியலாளரும் அல்ல. கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றின் ஆலைக்குள், அறுந்த பெல்ட்களைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி. நான் அந்தத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தேன். அவருடைய சீட் இன்னொருவருடையதாக மாறியதற்கு ஒரு கடிதம் காரணம். அதை எழுதியவன் நான்.

அப்போது வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராது. சைக்கிள் சீட் வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, சைக்கிளை மறந்துவிட வேண்டும். தோட்டத்துக்கென்று ஒரு சைக்கிள் இருந்தது. காலையில் அதில் தபால் எடுக்கப் போகிறவர் மூங்கில் கழி மாதிரி ஒல்லி. பகலில் அதே சைக்கிளில் தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு, லயம் லயமாக, மருந்து கொடுக்கப் போகும் டிஸ்பென்சர் இரண்டு ஆள் எடை. அந்தச் சீட்டின் மேலுறை கிழிந்து ஸ்பிரிங் வெளியே வந்து வெகுநாளாகியிருந்தது. டிஸ்பென்சர் நின்றுகொண்டே மருந்து எழுதிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டால், உட்கார்ந்தால் எழுத்து சரியாக வராது என்றார்.

வெளிக்கள வேலைகளைப் பார்த்த கண்டக்டருக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் சீட் மழையில் ஊறிப் பிய்ந்துபோனதால், சாக்கை மடித்துக் கட்டி அதன்மேல் உட்கார்ந்து திரிந்தார். கேகாலை மழையில் சாக்கு காய்ந்ததாகச் சரித்திரமில்லை. அவர் சிங்களவர், தமிழை எங்களைவிடச் சரளமாகப் பேசுவார்.

ஆலையில் இறப்பரை நசுக்கும் உருளைகளைச் சுழற்றும் பெல்ட்கள் கனத்த தோலால் ஆனவை. ஒன்பது அங்குல அகலம், இரண்டு படை. அறுந்த இடத்தைச் சீவி, ஒட்டி, தைத்து மறுபடி ஓடவிடுவதுதான் நான் சொல்லும் மனிதரின் வேலை. எல்லோரும் அவரைப் பாஸ் என்று கூப்பிட்டார்கள். கைவேலை தெரிந்தவருக்குச் சிங்களத்தில் உள்ள மரியாதைச் சொல் அது. தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்தவர்.

ஒருநாள் நான் ஆலைக்குப் போயிருந்த நேரம் கண்டக்டர் வந்து இறங்கினார். அவருடைய காற்சட்டையின் பின்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"என்ன மாத்தயா, வர்ற வழியில அவசரமா?" என்று கேட்டார் பாஸ்.

"சிரிக்காதே பாஸ். பெல்ட் தைக்கிற உனக்கு என் சாக்கைத் தைக்க முடியாதா?"

"சாக்கு தைக்க வேற ஆளப் பாருங்க. சீட்டு வேணும்னா சொல்லுங்க."

"சீட்டு எங்கேருந்து வரும்? கொழும்பிலேருந்தா, வானத்திலேருந்தா?"

"அந்தா, மூலையில கெடக்கு" என்று கழித்துப்போட்ட பெல்ட் சுருளைக் காட்டினார்.

அன்று அதை வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்தேன். தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் அனுமதி கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேலையைத் தொடங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. புதுத் தோலில் செய்த சீட் ஒரே வருடத்தில் தொட்டில் மாதிரித் தொய்ந்துவிடும். பெல்ட் தோல் அப்படியல்ல.

"பத்து வருஷம் ராத்திரி பகலா இழுபட்ட தோலுங்க. இனிமே இழுபட அதுகிட்ட என்ன மிச்சம் இருக்கு?" என்றார் என்னிடம்.

தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, பலாக்கட்டையில் தானே செதுக்கிய அச்சின்மேல் இழுத்துக் கட்டி, இறப்பர் காயப்போடும் மேல்மாடியில் வைத்தார். அங்கே வெயிலும் படாது, நெருப்புச் சூடும் கிடையாது. காற்று மட்டும் மெதுவாக நடமாடும். கழித்த லொறியின் ஸ்பிரிங் பட்டையில் சட்டம் வளைத்தார். மூக்கில் ஒரு நட். மழைக்குத் தோல் நெகிழ்ந்தால் அதை அரைத் திருகு திருகினால் போதும். இரண்டு பக்கத் தொங்கல்களிலும் வரிசையாகத் துளைகள், அவற்றுக்குள் குறுக்காக ஓடும் தோல்வார். வாரை இறுக்கினால் சீட் ஒடுங்கி ஒல்லியானவருக்கு ஏற்றதாகும். தளர்த்தினால் டிஸ்பென்சருக்கு ஏற்றதாக விரியும். அடியில் இரண்டு விதமான பிடி. ஒன்று சைக்கிள் தண்டைக் கவ்வும். மற்றது நான்கு போல்ட் போட்ட தட்டை. மோட்டார் சைக்கிளின் சட்டத்தில் உட்காரும்.

முதல் சீட் தோற்றது. இரும்பு ஆணி அடித்திருந்தார். ஒரே மழைக்காலத்தில் ஆணியைச் சுற்றித் தோல் கறுத்து, உளுத்து, விட்டுவிட்டது. எரிந்துபோன மோட்டாரின் செப்புக் கம்பியைத் தட்டி ஆணி செய்து இரண்டாவதை முடித்தார். அது மூக்கில் கிழிந்தது. மூன்றாவதற்கு மூக்கில் இரட்டைத் தோல் வைத்து, கெக்குண மரத்து விதை எண்ணெயும் தேன்மெழுகும் உருக்கித் தேய்த்தார். அது ஒரு வருடம் இரண்டு வண்டிகளிலும் மாறி மாறி ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. டிஸ்பென்சர் என் மேசைக்கு வந்து, "கிளாக்கர், இண்டைக்கு இருந்து எழுதினன், பாரும்" என்று ஒரு தாளை நீட்டினார். எழுத்து முன்பைவிட மோசமாக இருந்தது.

பாஸுக்கு வேண்டியிருந்தது பாராட்டல்ல. கேகாலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கடை போட வேண்டும், சீட் செய்து விற்க வேண்டும். பெல்ட் தோல் எத்தனை சீட்டுக்கு வரும்? புதுத் தோல் வாங்கிக் கல் கட்டித் தொங்கவிட்டு, தானே இழுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அந்தக் காலத்தில் பதனிட்ட தோல் வாங்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு, இன்னார் தோல் வேலை செய்கிறவர் என்று ஏதாவதொரு நிறுவனம் பெயர் குறிப்பிட்டு உறுதிப்படுத்த வேண்டும்.

அந்த நேரத்தில்தான் உள்நாட்டுப் புத்தாக்கங்களுக்கு விண்ணப்பம் கோரி அரசாங்கச் சபையொன்றின் அறிவித்தல் வந்தது. தெரிவானவருக்குச் சான்றிதழ், சான்றிதழ் உள்ளவருக்கு மூலப்பொருள் அனுமதி. அறிவித்தலை முழுதாகப் படிக்கும் நோய் எனக்கு உண்டு. தனியாள் விண்ணப்பிப்பதானால் குடியுரிமை வேண்டும் என்றிருந்தது. பாஸின் குடியுரிமை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஏதோவொரு கோப்பில் கிடந்தது. இரண்டு நாடுகளும் அவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தன. நான் வேலையிலிருந்து இளைப்பாறும்வரை யோசித்து முடிக்கவில்லை. ஆனால் ஏழாம் பிரிவு, அப்படிப்பட்டவர்கள் தங்கள் தொழில்தருநர் மூலமாக அனுப்பலாம் என்றது.

"பயப்படாதையும் பாஸ். ஏழாம் பிரிவு இருக்கு" என்றேன்.

"அது நம்ம பக்கமா பேசுமாங்க?"

"சட்டம் எல்லாரிண்ட பக்கமும் பேசும்."

"அப்ப நல்லதுங்க" என்றார், நம்பாத குரலில்.

கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுதினேன். துரையின் கையெழுத்தோடு, தலைமைக் காரியாலயத்தின் ஊடாக, உரிய வழியில் அனுப்பினேன். அதற்கு முந்திய வருடம் பழைய தகரம் ஒன்றை எடுத்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். பாஸின்மேல் அப்படி யாரும் திருட்டுப் பழி சுமத்திவிடக் கூடாது என்பதற்காக, தோட்டத்தின் கழிவுத் தோலில், தோட்டத்தின் ஆலையில், துரையின் அனுமதியுடன் செய்யப்பட்டது என்று ஒரு வசனம் சேர்த்தேன். என் உத்தியோக வாழ்வில் நான் மிகவும் ரசித்து எழுதிய வசனம் அது.

தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு பொறியியலாளர் காரில் வந்தார். அட்டைக் கடிக்குப் பயந்து ஆலை வாசலிலேயே நின்று சீட்டைப் பார்த்தார். உட்கார்ந்து பார்க்கவில்லை. படம் வரைந்துகொண்டு, சீட்டையும் வாங்கிக்கொண்டு போனார். எட்டு மாதத்துக்குப் பிறகு அதே காரியாலயத்திலிருந்து பதில் வந்தது. தோட்டப் பொருளில் தோட்டத்துக்குள் செய்யப்பட்டதாகத் தோட்டமே எழுதியிருப்பதால், வடிவமைப்பு நிறுவனத்துக்குரியது. அது பொறியியலாளரின் பெயரில் பதியப்பட்டுள்ளது. ஆலைத் தொழிலாளியைக் கொண்டு, வழமையான வேலை நேரத்துக்குள், பன்னிரண்டு சீட் செய்து அனுப்பவும்.

என் வசனத்தையே மேற்கோள் காட்டியிருந்தார்கள், ஒரு காற்புள்ளிகூட மாறாமல்.

பாஸைக் காரியாலயத்துக்குக் கூப்பிட்டுக் கடிதத்தை வாசித்துச் சொன்னேன். அவர் வாசற்படிக்கு வெளியே நின்றே கேட்டார்.

"எம்பேரு எங்கங்க வருது?"

"வரேல்ல."

"நீங்க எழுதுன கடுதாசியிலங்க?"

பிரதியைக் கோப்பிலிருந்து எடுத்தேன். அதில் அவர் பெயர் இல்லை. தோட்டத்துக் கடிதங்களில் தொழிலாளியைப் பெயர் சொல்லி எழுதும் வழக்கம் கிடையாது. செக்ரோல் என்கிற பெயர்ப்பதிவில் ஆளுக்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணைத்தான் எழுதுவோம். மருத்துவமனைக்கு எழுதினாலும் அப்படித்தான், மரணத்தை அறிவித்தாலும் அப்படித்தான். அவர் பெயர் எனக்குத் தெரியும். அவருடைய மனைவியின் பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் தெரியும். ஆனாலும், ஒரு மனிதனுக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பதற்கென்றே எழுதிய கடிதத்தில், கை தன் பழக்கப்படி எண்ணைப் போட்டுவிட்டது. நானும் மூன்று முறை திருத்தியிருக்கிறேன். மூன்று முறையும் அது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை.

"நம்பர்தானுங்களா போட்டீங்க?" என்றார். என் முகத்திலேயே விடை இருந்திருக்க வேண்டும். ஆலைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பன்னிரண்டில் ஒரு சீட்டைக்கூட அவர் செய்யவில்லை. "பெல்ட் தைக்கத்தானுங்க எனக்கு வேல. சீட்டு அந்த எஞ்சினியர் ஐயா தைக்கட்டும்" என்று துரையிடமே சொன்னார். பொறியியலாளர் வடிவமைப்பை மேம்படுத்தினார். அதாவது, பழைய தோல் அசிங்கம் என்று புதுத் தோல் போடச் சொன்னார். எங்கோ கொழும்பில் செய்து தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அடுத்த மழை முடிவதற்குள் ஒவ்வொன்றும் வாளி மாதிரிக் குழிந்துவிட்டது. அதற்காக ஒருவரும் பொறியியலாளரிடம் விளக்கம் கேட்கவில்லை. விளக்கம் கேட்பதற்கும் ஒரு படிவம் உண்டு. அதை யார் நிரப்ப வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் நிரப்பவில்லை.

நான் திருத்தக் கடிதங்கள் எழுதினேன். முழுப்பெயரோடு, நான்கு. முதலாவதற்கு, பெறப்பட்டது என்று பதில். இரண்டாவதற்கு, ஏற்கனவே பெறப்பட்டது என்று பதில். மூன்றாவதில் கோப்பு மூடப்பட்டது என்றார்கள். நான்காவது திரும்பி வந்தது. வீட்டில் மனைவி பொறுமை இழந்தாள். "நீங்கள் எழுதின கடிதத்துக்கு நீங்களே மறுமொழி எழுதிப் போடுங்கோவன். அதாவது கெதியா வரும்" என்றாள்.

கடைசியில் சான்றிதழையும் சபையையும் விட்டுவிட்டு, தோல் அனுமதிக்குத் தேவையான உறுதிக் கடிதத்தை மட்டும் துரையிடம் கேட்டேன். இவர் தோல் வேலை தெரிந்தவர் என்று இரண்டு வரி. தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த துரை அவர். கையெழுத்து என்றால் கையைக் கேட்டது போல அஞ்சுவார்.

"சீட்டைச் செய்தவர் பொறியியலாளர் என்று தலைமைக் காரியாலயம் எழுதியிருக்கிறது. நான் இன்னொரு பெயர் எழுதினால், கிளாக்கர், யார் பொய்?"

"அவர்கள்தான், சேர்."

"அதை நான் எழுத ஏலுமா?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தோட்டத்தின் முத்திரை என் மேசை லாச்சியில் இருந்தது. துரை கையெழுத்திட்ட பிறகுதான் அதைக் குத்தலாம். அந்த ஒழுங்கை நான் ஒருமுறைகூட மீறியதில்லை. மீறிய ஒரு கீழ்நிலைக் கிளாக்கரை எழுத்தில் எச்சரித்தும் இருக்கிறேன். அன்று பிற்பகல் வெள்ளைத் தாளொன்றை எடுத்து, அவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த தோட்டம் எல்லாம் எழுதினேன். தோல் வேலையில் தேர்ந்தவர், நீடித்து உழைக்கும் சீட் ஒன்றைத் தானே வடிவமைத்துச் செய்தவர் என்று எழுதினேன். எண் எழுதவில்லை. கீழே என் கையெழுத்தை இட்டேன். பக்கத்தில் முத்திரையைக் குத்தினேன். மை சற்று அதிகமாகிவிட்டது.

லீவு போட்டுவிட்டு அவரோடு கேகாலைக்குப் பஸ்ஸில் போனேன். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் விதிகளை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். எந்தப் பிரிவின் கீழ் பெரிய கிளாக்கர் ஒருவர் இப்படி உறுதிப்படுத்தலாம் என்பதற்கு, பலவீனமானதாயினும், ஒரு வாதம் வைத்திருந்தேன்.

அனுமதிப்பத்திரக் கந்தோரில் இருந்த பெண் கடிதத்தை வாங்கினாள். அவள் பார்வை நேராக முத்திரைக்குப் போனது, வேறெங்கும் போகவில்லை. யார் கையெழுத்து, என்ன பதவி, மேலே என்ன எழுதியிருக்கிறது எதையும் படிக்கவில்லை. "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, படிவத்தில் அவர் பெயரைக் கடிதத்தைப் பார்த்து எழுதி, தன் முத்திரையையும் குத்திக் கையில் கொடுத்தாள். என் வாதத்தை நான் தொடங்கவேயில்லை.

வெளியே படிக்கட்டில் நின்று பாஸ் அனுமதிப்பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானுங்களா?"

"இவ்வளவுதான்."

"அப்ப மொதல்லயே இதக் குத்தியிருக்கலாமேங்க."

அவர் கேலி செய்யவில்லை. கேலியாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.