அப்பாவின் படையலில் ஆம்லெட்

காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பது எங்கள் வழக்கம். ஈஜிபுராவில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் அன்று நடந்தது சமையல் இல்லை, பஞ்சாயத்து. அப்பாவுக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்பதில் ஆளுக்கொரு கட்சி.

அம்மா கருவாட்டுக் குழம்பு என்றாள். கீழ்வீட்டு ஓனரம்மா ராகிக் களியை உருட்டிய முத்தேயும் ஒரு தூக்கு நிறைய பஸ்ஸாரும் கொண்டுவந்து, "அவ்ரிகெ நம் மனெ பஸ்ஸாரு அந்த்ரே பிராண" என்று கன்னடத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டுச் சாறு என்றால் அப்பாவுக்கு உயிராம். நான் விடுவேனா? ஆம்லெட் என்றேன். ஆதாரமும் என்னிடம் இருந்தது.

அவர் என்னைப் பெற்ற அப்பா இல்லை. நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். பொம்மசந்திராவில் அம்மா தையல் வேலை பார்த்த கம்பெனிக்கு எதிர்க் கம்பெனியில் லேத் ஓட்டினார். வந்த புதிதில் நான் அவரோடு பேசவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஆள் எப்படி என்று ஆழம் பார்க்க ஓர் ஆம்லெட் போட்டு அவர் முன்னால் வைத்தேன். உப்பு தூக்கல், ஒரு பக்கம் கருகல், நடுவில் முட்டை ஓடு. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தார். பிறகு மூச்சுவிடாமல் தின்று முடித்து, ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்துவிட்டு, "எனக்கு ஆம்லெட்டுன்னா உசுரும்மா. உனக்கு யாரு சொன்னது?" என்றார்.

யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்ட பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அவரை அப்பா என்று கூப்பிட்டுவிட்டேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ஆம்லெட். தொம்மலூரில் ஒரு ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அது டபுள் ஆம்லெட்டாக வளர்ந்தது. ஜன்னலோரம் போய் நின்று மடமடவென்று விழுங்குவார். உடனே ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொள்வார். "மெதுவாதான் தின்னா என்ன?" என்பாள் அம்மா. "இவ போட்டா பொறுமை எங்க இருக்குது?" என்பார். ஆசையில் அவசரப்படுகிறார் என்று நான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் படையலுக்கும் முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றி அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அப்பாவின் அக்கா உள்ளே வந்தார். குழந்தையோடு இருந்தவளைத் தம்பி கட்டிக்கொண்டான் என்ற கோபத்தில், இத்தனை வருஷமும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்காதவர். சாவுக்குத்தான் திருப்பத்தூரிலிருந்து வந்திருந்தார்.

"முட்ட யாருக்கு?"

"அப்பாவுக்குத்தான் அத்தை. ஞாயித்துக்கிழமையானா நான்தான் போட்டுத் தருவேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவனுக்கா? முட்ட வாசன பட்டாலே வாந்தி எடுப்பானே."

"கருவாடு துன்ற மனுஷனுக்கு முட்டை நாத்தமா?" என்று சண்டைக்கே போய்விட்டேன். துணைக்கு அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாரா வாரம் அந்த மனுஷனை என்ன பாடு படுத்தியிருக்கிறேன். அடுத்த நொடியே ஒரு சந்தேகம் வந்தது. அப்படியென்றால் என்னையும் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சகித்தாரா? வந்த வீட்டில் வம்பு வேண்டாம் என்று பிடித்த மாதிரி காட்டிக்கொண்டாரா? கேட்கவும் அவர் இல்லை. கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

அத்தை அதை எடுத்துத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

"எங்கம்மா தொடப்பக்கட்டையால அடிச்சும் அவன் வாயத் தொறக்கல. பெத்தவளால முடியாதத நீ எப்படிடி தின்ன வெச்ச?" என்றார். சொல்லி முடிக்கும் முன் குரல் உடைந்துவிட்டது.

நான் அழுதுகொண்டே வெங்காயம் நறுக்கினேன். அன்றைக்கு இலையில் கருவாட்டையும் முத்தேயையும் ஒதுக்கி, நடுவில் ஆம்லெட்டை வைத்தது அத்தைதான்.