குகதாசன் கிழவனாகக் காத்திருந்த கதை

முரசுமோட்டையில் கிழவனாவது அவ்வளவு லேசான காரியமல்ல. குகதாசன் பத்து வருடமாக முயன்றுகொண்டிருந்தார், முடியவில்லை.

ஊரின் மரண உதவிச் சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. சாவு விழுந்தால் பந்தல் போடுவது, தகரம் ஏற்றுவது, கதிரை சுமப்பது, விறகு அடுக்குவது எல்லாம் ஆண் உறுப்பினர்களின் வேலை. அறுபது கழிந்தவர் கதிரையில் உட்கார்ந்து வெற்றிலை போடலாம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவரே குகதாசன்தான். அப்போது அவருக்கு முப்பது சொச்சம். கிழவர்கள் தகரத்தோடு தள்ளாடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றார். மற்றவர்களின் முதுமையில் அவருக்கு அவ்வளவு இரக்கம்.

அவருக்கே அறுபது நெருங்கியபோது ஊரில் இளந்தாரிகள் இல்லை. ஒருவன் கனடா, ஒருவன் கட்டார், மிச்சம் கொழும்பு. அவருடைய மகன் பிரசாந்தன் வயல் செய்யப்போகிறேன் என்றுதான் நின்றான். "சேத்துக்குள்ளை நிண்டு என்னத்தைக் காணப்போறாய்?" என்று பிடரியில் பிடித்துத் தள்ளாத குறையாக விமானம் ஏற்றிவிட்டவர் குகதாசன். கிழவர்களோ மருந்துக் குளிசைகளின் புண்ணியத்தில் போகிற பாடாயில்லை. ஆகவே சங்கம் வயதெல்லையை அறுபத்தைந்தாக்கியது. பிறகு எழுபது. பெரிய பெரிய அரசாங்கங்கள் நிபுணர்களை வைத்து வருடக்கணக்காக விவாதிக்கிற காரியத்தை முரசுமோட்டை ஒரு தேநீரோடு முடித்துவிட்டது.

இந்த ஆவணியில் அவருக்கு எழுபது. முழங்கால் வீங்கிக் கிடந்தது. "இண்டைக்காவது வாயைத் திறந்து கேட்டுப்போட்டு வாங்கோ," என்று மனைவி கமலாசனி கூட்டத்துக்கு அனுப்பிவைத்தாள்.

தலைவர் வீரபாகு எண்பதைத் தாண்டியவர். தொண்டையைச் செருமினார். "தம்பி குகன், நீயும் கதிரையிலை இருந்திட்டா எங்கடை பந்தலை ஆர் போடுறது? எழுபத்தைஞ்செண்டு மாத்துவம்."

"அண்ணை, என்ரை முழங்கால்..."

"உனக்கு நோகுதாவது. எனக்கு அது இருக்கோ எண்டே தெரியேல்லை."

சிரிப்பு அடங்குமுன் பின்வரிசையில் ஜெயரூபி எழுந்தாள். கணவன் இறந்தபிறகு வயலைத் தனியாகச் செய்கிறவள். உர மூட்டையைத் தானே தோளில் போடுகிறவள்.

"நாங்கள் இத்தினை பொம்பிளையள் இருக்கிறம். எங்களுக்குப் பந்தல் போடத் தெரியாதோ? குகன் சித்தப்பாவை விடுங்கோவன்."

எல்லோரும் குகதாசனைப் பார்த்தார்கள். 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். காத்திருந்த கதிரை அவருடையது. ஆனால் மீசை என்று ஒன்று இருக்கிறதே, முழங்காலுக்கு வயது போனது அதற்கு எட்டவில்லை.

"செத்தவீட்டிலை பொம்பிளையள் பந்தல்கால் நடுறதோ? நாங்கள் இன்னும் சாகேல்லைப் பிள்ளை," என்றார்.

கைதட்டினார்கள். எழுபத்தைந்து ஏகமனதாக நிறைவேறியது.

வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. கமலாசனி முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். முடிவில், "மீசைக்கும் பிடிக்கட்டோ?" என்றாள். பிரசாந்தன் நின்றிருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது என்று அவர் நினைத்தார். விமானம் ஏற்றிவிட்டவரே அவர்தானே.

ஐப்பசியில், மழைக்கு முன்னால், நாகேஸ்வரி அக்கா மோசம்போனா. செத்தவீட்டு முற்றத்தில் குகதாசன் பந்தல்காலை நிமிர்த்தும்போது முழங்கால் மடங்கியது. விழாமல் அந்தப் பந்தல்காலையே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயரூபி தேநீர்த் தட்டோடு வந்தாள். ஒரு கை கொடுத்தால் போதும். கேட்கத்தான் நினைத்தார். முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"குடியுங்கோ சித்தப்பா."

வாங்க அவருக்குக் கை இல்லை. அவள் பந்தல்காலைப் பார்த்தாள்.

"பிடிச்சிருப்பன்," என்றாள், கோபமில்லாமல். "நீங்கள்தானே விடேல்லை."

பக்கத்தில் கிடந்த வெறும் கதிரையில் தேநீரை வைத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போனாள்.