சுமதியின் கண்ணுக்காக உப்புவெளியிலிருந்து கொழும்புக்கு

தலைக்குள் அமுக்கம் என்று வைத்தியத்துக்காகத் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது போரின் கடைசி வருடங்களில். என் மனைவி சுமதி திருகோணமலையை ஒட்டிய உப்புவெளியில் வீட்டிலேயே தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். ஒரு மாதமாக ஓயாத தலையிடி. காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்த இரைச்சல். குனிந்து நிமிர்ந்தால் சில நொடிகள் கண் இருண்டுவிடும். நாங்கள் கண்ணாடியை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் ஒரு கண் டொக்டர், "கண் நரம்பு வீங்கிக் கிடக்கு. நாளைக்கே கொழும்புக்குக் கொண்டு போங்கோ" என்று கடிதம் தந்தார்.

காலை ஆறு மணி பஸ். கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அரை மணித்தியாலத்தில் கப்பல்துறைச் சோதனைச்சாவடி. இறங்கி, பைகளோடு நடந்து கடக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை.

சோதித்து முடிந்த பையைத் தூக்கச் சுமதி குனிந்தாள். நிமிர்ந்தவள் பஸ் பக்கம் திரும்பாமல் காவலரணின் மணல்மூட்டைகளை நோக்கி நடந்தாள். ஒரு சிப்பாய் சிங்களத்தில் கத்தினான். தன்னைத்தான் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவன் துவக்கின் குழல் அவளை நோக்கி உயர்ந்தது.

"சுமதி, நில்லும்! அசையாதையும்!" என்று கத்தினேன்.

வரிசையை விட்டு ஓடப்போன என் நெஞ்சுக்கு நேரேயும் ஒன்று நீண்டது. கைகளை உயர்த்திக்கொண்டு நின்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "இஞ்சாருங்கோ, எனக்குக் கண் ஒண்டும் தெரியேல்லை."

சிங்களம் தெரிந்த ஒரு பயணி, ஐம்பது வயதிருக்கும் அம்மா, நின்ற இடத்திலிருந்தே அவளுக்குக் கண் தெரியவில்லை என்று சிப்பாய்களுக்குச் சொன்னார். அதிகாரி வந்து கடிதத்தைப் பார்த்து எங்களைப் போகவிட நாற்பது நிமிடம் ஆனது. சாரதி எங்களை விட்டுப் போகவில்லை. "அவசரமில்லை, ஆறுதலா ஏறுங்கோ" என்றார்.

மாலை நான்கு மணிக்குக் கொழும்பு. மறுநாள் ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், "மூளையிலயிருந்து இரத்தம் இறங்கிற நாளம் ரெண்டு பக்கமும் ஒடுங்கியிருக்கு. தலைக்குள்ள இருக்கிற நீர் வடிய ஏலாமல் அமுக்கம் கூடுது" என்றார். முதுகில் ஊசி ஏற்றி நீரை எடுத்தார்கள். நான் கட்டிலருகே அவள் கையைப் பிடித்திருந்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து, "காது இரைச்சல் நிண்டிட்டுது" என்றாள். அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு மாதக்கணக்காகக் குளிசை விழுங்கினாள். இன்னும் இரண்டு தடவை நீர் எடுத்தார்கள்.

போகிறவர்கள் கடிதத்தைச் சிங்களத்திலும் எழுதி வாங்குங்கள். பையை நோயாளியிடம் கொடுக்காதீர்கள். குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாவற்றையும் விட, பிந்தாதீர்கள். சுமதியின் வலது கண் தப்பிவிட்டது. இடது கண்ணின் ஓரத்தில், கண்ணாடி மாற்றி நாங்கள் கழித்த அந்த ஒரு மாதம் இன்னும் இருட்டாகவே இருக்கிறது.