தீவாந்திரம் போன கொள்ளுத்தாத்தா

போன வருடம் வைகாசி மாதம். நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே ஒரு கோழிப்பண்ணை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, உள்ளே போகத் துணிச்சல் இல்லாமல் நின்றிருந்தேன். அந்தப் பண்ணைக்காரர்களின் முன்னோர் ஒருவரைக் கொன்றுவிட்டுத்தான் என் கொள்ளுத்தாத்தா, அதாவது அப்பாவின் தாத்தா, அந்தமானுக்குக் கைதியாகப் போனார். அது எனக்கே அப்போதுதான் தெரியவந்திருந்தது.

எங்கள் வீட்டில் சொல்லிவந்த கதை வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் ஊர்ப் பெரியதனக்காரர் செய்த கொலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கொள்ளுத்தாத்தா அந்தமானுக்குத் தீவாந்திர தண்டனையில் போனார் என்பார்கள். ‘தீவாந்திரத்தான் வீடு’ என்று அக்கம்பக்கத்தில் யாராவது கிண்டலாகச் சொன்னால், இந்தக் கதையைச் சொல்லித்தான் அப்பா அவர்கள் வாயை அடைப்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், இதை நிரூபித்தே தீர்வது என்று கிளம்பினேன். மனைவியோடு அந்தமான் போனேன். சிறையின் ஒரு கொட்டடிக்குள் நின்றபோது, தப்பே செய்யாத மனிதர் இங்கே கிடந்திருக்கிறாரே என்று அழுகை வந்துவிட்டது. பிறகு பல மாதங்கள் சென்னைக்கு அலைந்து, ஆவணக் காப்பகத்தில் அந்த வழக்கின் தீர்ப்பைக் கண்டுபிடித்தேன்.

அதில் பெரியதனக்காரர் யாருமே இல்லை. பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறை யாருடையது என்ற சண்டையில், கூடப் பங்கு வைத்திருந்தவரைக் கொள்ளுத்தாத்தா மண்வெட்டியால் அடித்துக் கொன்றிருக்கிறார். அடித்தது நான்தான் என்று கோர்ட்டில் அவரே சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன், முடியவில்லை. கேட்டதும் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டார். சாயங்காலம்தான் வாயைத் திறந்தார்.

“செத்தவனுக்குக் கொழந்தை குட்டி இருந்துச்சா?”

“கைக்கொழந்தை ஒண்ணு இருந்துச்சாம்ப்பா.”

“அப்ப அவங்க ஊட்டைத் தேடிப் போ. என்ன பேசுனாலும் கேட்டுக்கிட்டு வா.”

தண்டனை விழுந்ததும் கொள்ளுப்பாட்டி மகனைத் தூக்கிக்கொண்டு தன் பிறந்த ஊருக்கு வந்துவிட்டவர். அதனால் அந்தப் பழைய ஊரில் எங்களுக்கு யாரையும் தெரியாது. அங்கே டீக்கடையில் விசாரித்தேன். அந்தக் குடும்பம் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறது என்று பண்ணைக்கு வழி சொன்னார்கள்.

முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, வாசலில் நின்ற என்னை எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். “தீவனக் கம்பெனிங்களா? தம்பி வெளிய போயிருக்குதுங்க.”

நான் யாரென்று சொன்னேன். கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு உடனே தம்பிக்கு போன் செய்தார். அவரும் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டார். வண்டியை விட்டு இறங்காமலேயே கேட்டார்.

“இப்ப எதுக்குங்க வந்தீங்க?”

“மன்னிப்புக் கேக்கலாம்னு…”

“நீங்க என்னங்க பண்ணுனீங்க, மன்னிப்புக் கேக்க? எங்க தாத்தன் அப்பன் மூஞ்சியே தெரியாம, அடுத்தவங்க மாட்டை மேச்சு வளந்தவரு. காடு தோட்டமும் போச்சு, கெணத்துப் பங்கும் போச்சு. உங்க மன்னிப்பு வந்து அதையெல்லாம் என்ன பண்ணும்?”

கிளம்பலாம் என்று திரும்பினேன். அப்போது அந்த அம்மா கேட்டார்.

“போனவரு திரும்பி வந்தாருங்களா?”

“இல்லைங்க. எப்பச் செத்தாருன்னே தெரியாது. இன்னைக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு எங்க கொள்ளுப்பாட்டி கடைசி வரைக்கும் தாலியைக் கழட்டலைங்க.”

“எங்க ஊட்டு ஆத்தாளுக்குத் தாலிய அறுத்துட்டாங்க. உங்க ஊட்டு ஆத்தா அறுக்காமயே கெடந்திருக்குது,” என்றார் அந்த அம்மா. பிறகு தம்பியின் முகத்தைப் பார்க்காமல், “ஆடி அமாவாசைக்கு நாங்க பவானி கூடுதுறை போவோமுங்க, எங்க பெரியவருக்கு எள்ளுந்தண்ணியும் உட. நீங்களும் வாங்க. உங்களவருக்கும் ஆராச்சும் உடோணுமில்ல,” என்றார்.

தம்பி கொட்டகைக்குள் போய்விட்டார்.

அமாவாசையன்று அப்பாவைக் காரில் கூட்டிப் போனேன். கூடுதுறையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அக்காவும் தம்பியும் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். தம்பி தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். யாருக்குத் தர்ப்பணம், பெயரைச் சொல்லுங்கள் என்று புரோகிதர் அப்பாவிடம் கேட்டார். அப்பா முதலில் சொன்னது, கொல்லப்பட்டவரின் பெயரை. அதன் பிறகுதான் தன் தாத்தாவின் பெயரைச் சொன்னார். இப்படிச் செய்யப்போவதாக என்னிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.

சடங்கு முடிந்து ஆற்றில் இறங்கும்போது, ஈரப்படியில் அப்பாவின் கால் வழுக்கியது. நான் பிடிப்பதற்குள் அந்தத் தம்பி எழுந்து வந்து அவர் தோளைத் தாங்கிக்கொண்டார். “பாத்து இறங்குங்க சாமி,” என்றார். அப்பா முங்கி எழும்வரை, போட்டிருந்த வேட்டி சட்டையோடு அவர் பக்கத்திலேயே தண்ணீரில் நின்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு அந்தத் தம்பி எங்களோடு பேசியது அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் இப்போது யாராவது எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டால், கொள்ளுத்தாத்தா அந்தமான் போன கதையோடு அவர் கையால் செத்தவரின் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போதுதான் கொள்ளுத்தாத்தா எனக்கு ரத்தமும் சதையுமான மனிதராகத் தெரிகிறார்.